எட்டு வயதும் மூன்றரை வயதும்: ஐந்தோவனில் பள்ளி தேடிய அனுபவம்

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தின் தெற்கே உள்ள ஐந்தோவன் நகருக்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்றரை. பக்கத்தில் வெல்ட்ஹோவனில், கணினிச் சில்லுகள் தயாரிக்க உதவும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பதால், அதையும் அதைச் சார்ந்த நிறுவனங்களையும் நம்பி வரும் பொறியாளர் குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழ்க் குடும்பங்களுக்கும் குறைவில்லை. அவர்கள் வந்து பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்ப்பதா, டச்சுப் பள்ளியில் சேர்ப்பதா? கேட்டவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் பள்ளிப் பலகைகளில் ‘இன்டர்நேஷனல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தச் சொல் வசதியையும் கட்டணத்தையும்தான் நினைவூட்டும். நெதர்லாந்தில் அரசு உதவி பெறும் சர்வதேசத் தொடக்கப் பள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல. பெற்றோரில் ஒருவர் வரையறுக்கப்பட்ட காலத்துக்கு இங்கே பணிபுரிய வந்த வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அவை நடத்தப்படுகின்றன. அதற்கு வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டியாக வேண்டும். அரசு பங்களிப்பதால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் யூரோவோடு நின்றுவிடுகிறது. முற்றிலும் தனியாரான பள்ளிகளிலோ 20,000 யூரோவைத் தாண்டுவதும் உண்டு. நிறுவனம் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் ஊழியருக்கு வரியில்லாமல் ஈடுசெய்ய இந்நாட்டு வரிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் தாமாக எடுத்துக் கொடுப்பதில்லை.

நாங்கள் வழுக்கியது வேறோர் இடத்தில். குடியேற்ற ஏற்பாடுகளைக் கவனித்த முகவர் ஒருவர், பள்ளியில் இடம் உறுதி என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். வந்து விசாரித்தபோது, விண்ணப்பம் பதிவானது மட்டுமே உண்மை, மகளின் வயதுக்குரிய வகுப்பில் இடமில்லை என்று தெரிந்தது. ஏழு வாரங்கள் அவள் வீட்டிலேயே இருந்தாள். இந்நாட்டில் ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குக் கல்வி கட்டாயம் என்பதால், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேட்டு நகராட்சியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. விண்ணப்பித்ததும் இடம் கிடைத்ததும் ஒன்றல்ல. பள்ளியே எழுதித் தரும் சேர்க்கைக் கடிதம் கையில் வரும்வரை எதையும் நம்ப வேண்டாம்.

அந்த ஏழு வாரங்களில்தான் டச்சுப் பள்ளிகளையும் சுற்றிப் பார்த்தோம். இங்கே பிள்ளைகள் நான்கு வயது நிறைந்ததும் பள்ளிக்குப் போகத் தொடங்குகிறார்கள். தொடக்கப் பள்ளியின் எட்டு வகுப்புகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் விளையாட்டு, கதை, பாட்டு. எழுத்துக்கூட்டிப் படிப்பது மூன்றாம் வகுப்பில், ஏறத்தாழ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. எல்கேஜியிலேயே கட்டம் போட்ட நோட்டில் ‘ஏ’ எழுதவைத்துப் பழகிய ஊரிலிருந்து வந்தவளுக்கு இது முதலில் சோம்பலாகத்தான் பட்டது. இப்போது அதுவே மகனுக்குக் கிடைத்த பெரிய வரம் என்று நினைக்கிறேன். வகுப்பில் எவரும் எழுதத் தொடங்காத அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் மொழியைக் காதால் வாங்கிக்கொண்டான். எழுத்து வந்தபோது மற்ற பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்றான்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு நிலைமை வேறு. ஆறு வயதைத் தாண்டி மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளைப் பொதுவாக ஏறத்தாழ ஓராண்டு தனி மொழி வகுப்பில் வைத்திருந்து, பிறகு வழக்கமான வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்பில், பதினொன்று பன்னிரண்டு வயதில், மேற்கொண்டு தொழிற்கல்விப் பாதையா பல்கலைக்கழகப் பாதையா என்ற பரிந்துரையைப் பள்ளி எழுதித் தருகிறது. எட்டு வயதில் புதிய மொழியில் தொடங்கும் பிள்ளைக்கு அதற்குள் கிடைப்பது மூன்றரை ஆண்டுகள். பாதையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் கணக்கில் கெட்டியான பிள்ளை, வாக்கியக் கணக்கின் மொழி புரியாமல் மதிப்பெண் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவு இல்லை.

ஆகவே மகளுக்குச் சர்வதேசப் பள்ளி, மகனுக்குத் தெருமுனை டச்சுப் பள்ளி என்று முடிவு செய்தோம். ஒரே வீட்டில் இரண்டு பள்ளியா என்று மாமியார் தொலைபேசியில் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் இரு திசைகளில் மிதிவண்டி ஓட்டுவது சிரமம்தான், குறிப்பாக நவம்பர் மழையில். இருந்தாலும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க நான் கண்ட முதல் அளவுகோல் பள்ளியின் பெயரன்று, பிள்ளையின் வயது. இரண்டாவது, எத்தனை ஆண்டு இங்கே இருக்கப்போகிறோம் என்பது. பாடத்திட்டம் அதற்குப் பிறகுதான். மகளின் பள்ளி பின்பற்றுவது ஐபிசி (இன்டர்நேஷனல் பிரைமரி கரிக்குலம்) என்னும் திட்டம். ஷெல் எண்ணெய் நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பள்ளிகளுக்காக உருவாகி, 2000ஆம் ஆண்டில் பிற பள்ளிகளுக்கும் வந்தது. வேறு சில பள்ளிகளில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) அமைப்பின் தொடக்கநிலைத் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஓர் ஆசிரியருக்கும் அடுத்த ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடே பெரிது என்பது என் கணிப்பு.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் நூலகத்தையும் விளையாட்டு மைதானத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் வகுப்பறை வாசலில் மேலங்கி மாட்டும் கொக்கிகளைப் பார்க்கச் சொல்வேன். முதன்முதலில் ஒரு சர்வதேசப் பள்ளிக்குப் போனபோது, ஒவ்வொரு கொக்கியின் மேலும் பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தது. அவற்றில் நான்கில் பழைய பெயர்ச்சீட்டைக் கிழித்த தடம் பசையோடு தெரிய, அதன்மேல் புதுச்சீட்டு சற்றுக் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. பருவத்தின் நடுவில் நான்கு பிள்ளைகள் போய், நான்கு பேர் வந்திருக்கிறார்கள். இந்தப் பள்ளிகளில் அது குறையன்று, இயல்பு. விடைபெறும் பிள்ளைக்கும் மிஞ்சி நிற்கும் பிள்ளைக்கும் பள்ளி என்ன செய்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மகளின் நெருங்கிய தோழிகள் இருவர், ஒருத்தி பிரேசிலுக்கும் மற்றவள் தைவானுக்கும், ஒரே கோடையில் கிளம்பிவிட்டார்கள். அந்த ஆகஸ்டு முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. மகனின் வகுப்பிலோ முதல் நாள் பார்த்த முகங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பிறந்தநாள் விழாவுக்கு நடந்தே போகிறான்.

விடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் அடிபடுவது இதில்தான். எந்தப் பள்ளியானாலும் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளையைப் பள்ளி நாட்களில் ஊருக்கு அழைத்துப்போக முடியாது; மீறினால் அபராதம். நெருங்கிய உறவினர் திருமணத்துக்குச் சில நாள் அனுமதி உண்டு, அதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தைப்பொங்கலுக்கு மூன்று வாரம் ஊரில் என்ற கனவை ஐந்தாம் பிறந்தநாளோடு மூட்டைகட்டி வைத்துவிடுங்கள்.

தமிழைப் பொறுத்தவரை இரண்டு பள்ளிகளிலும் ஆசிரியர்கள் ஒன்றையே சொன்னார்கள்: வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். பேச்சு நிலைத்துவிடுகிறது; எழுத்துதான் நழுவுகிறது. என்றேனும் தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமாகக் காத்திருக்கும் என்பதால், ஞாயிறுகளில் அரை மணி நேரம் நானே எழுத்துச் சொல்லித் தருகிறேன். மகள் ‘ழ’வை ஒழுங்காக எழுதுகிறாள். மகன் அதன் வாலைத் தவறாமல் எதிர்ப்பக்கமாகச் சுழிக்கிறான்.

அடுத்த கல்வியாண்டில் மகள் இடைநிலைப் பிரிவுக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தை இம்முறை முகவரிடம் விடாமல் நானே நிரப்பிவிட்டேன். எத்தனை ஆண்டு இந்நாட்டில் இருக்க உத்தேசம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என் கணவரும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.