ஜெர்மனியில் சம்பளத்தோடு பி.எச்டி.: புராஜெக்ட் பணம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

எம்.எஸ்சி.யோ எம்.டெக்.கோ முடிக்கப்போகும் பலர், "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கும் ஒரே மெயிலை ஜெர்மனியில் கண்ணில் படும் பேராசிரியர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பதில் வராதபோது மதிப்பெண் போதவில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அறிவியல், பொறியியல் துறைகளில் அங்கே பி.எச்டி. பெரும்பாலும் சம்பள வேலை. அந்தப் பேராசிரியர் கையில் அந்த நேரத்தில் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவு புராஜெக்ட் பணம் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் எடுக்க முடியாது. அதனால் பணம் எங்கே புதிதாக வந்திருக்கிறது என்பதில்தான் தேடல் தொடங்க வேண்டும்.

இது ரகசியமும் இல்லை. ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையான டி.எஃப்.ஜி., தான் நிதி கொடுக்கும் புராஜெக்ட்களை 'கெப்ரிஸ்' என்ற இலவசத் தரவுத்தளத்தில் போட்டுவைத்திருக்கிறது. உங்கள் துறைச் சொல்லைத் தட்டினால் புராஜெக்ட், பேராசிரியர், பல்கலைக்கழகம், தொடங்கிய ஆண்டு எல்லாம் வரும். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எஸ்.எஃப்.பி. எனப்படும் பெரிய கூட்டு ஆய்வு மையங்கள். இவற்றுக்கு ஒரு தடவைக்குச் சுமார் நான்கு ஆண்டுகளாக, அதிகபட்சம் பன்னிரண்டு ஆண்டு வரை நிதி உண்டு. மற்றொன்று ஜி.ஆர்.கே., அதாவது பி.எச்டி. மாணவர்களுக்காகவே நடத்தப்படும் பயிற்சிக் குழுக்கள். புதிய எஸ்.எஃப்.பி.க்களை டி.எஃப்.ஜி. வழக்கமாக மே மாதத்திலும் நவம்பரிலும் அறிவிக்கும். அறிவிப்பை அடுத்து வரும் சில மாதங்களில்தான் ஆள் எடுப்பார்கள். பத்தாவது, பதினோராவது ஆண்டில் ஓடும் மையத்தில் புது இடம் கிடைப்பது அரிது.

விளம்பரம் வருவதற்கு முன்பே எழுத நினைத்தால், புதிய மையம் அறிவிக்கப்பட்ட உடனே எழுதுங்கள். ஒவ்வொரு மையத்துக்குள்ளும் ஏ01, பி04 என்று எண்ணிட்ட துணைப் புராஜெக்ட்கள் இருக்கும். "உங்கள் பி04 புராஜெக்டில் ஆள் எடுப்பதாக இருந்தால், அதற்குத் தேவையான இந்த அளவீட்டை நான் செய்திருக்கிறேன்" என்று ஐந்து வரியில் எழுதும் மெயிலை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பொது மெயிலைவிட அதற்குப் பதில் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

விளம்பரங்களுக்கு ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைத் தளமான யூராக்செஸ், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் பி.எச்டி.-ஜெர்மனி, அகாடமிக்ஸ் ஆகிய தளங்கள் போதும். மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ், ஃபிரவுன்ஹோஃபர் ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். விண்ணப்பத்துக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சம்பள வேலைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இதற்கு கன்சல்டன்சியும் தேவையில்லை.

விளம்பரத்தில் முதலில் படிக்க வேண்டியது சம்பள வரி. "டிவி-எல் இ13, 65 சதவீதம்" என்று இருக்கும். டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணை (ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு மட்டும் தனி அட்டவணை), இ13 அதில் ஒரு சம்பள நிலை, சதவீதம் என்பது முழு நேர வேலையில் எவ்வளவு பங்குக்குச் சம்பளம் என்பது. 2025 பிப்ரவரி அட்டவணைப்படி இ13 முதல் படியின் முழுச் சம்பளம் மாதம் சுமார் 4,630 யூரோ. 65 சதவீதம் என்றால் சுமார் 3,010. வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போகத் தனி ஆளுக்குக் கையில் 2,000 யூரோவை ஒட்டி வரும். பொறியியலில் 100 சதவீத இடங்கள் சகஜம், உயிரியலில் 65 சகஜம். வேலை நேரம் என்னவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இது நியாயமில்லை என்பது என் எண்ணம், ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது. உதவித்தொகை என்று எழுதியிருந்தால் வேறு கணக்கு: பொதுவாக ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் கிடையாது, மருத்துவக் காப்பீட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒப்பந்த வேலையையே எடுங்கள்.

இதோடு மேரி கியூரி முனைவர் நெட்வொர்க் இடங்களையும் விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், சம்பளமும் பொதுவாக மேலே சொன்ன 65 சதவீதச் சம்பளத்தைவிடக் கூடுதல். ஒரு நெட்வொர்க்கில் பல நாடுகளில் பத்துப் பேர் அளவில் எடுப்பார்கள், விளம்பரம் யூராக்செஸில் வரும். இங்கே பலரை வெளியே தள்ளுவது ஒரு விதி: வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. ஜெர்மனியின் ஆகன் நகரில் ஒரு வருடத்துக்கு மேலாக மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருப்பவர் அதே நெட்வொர்க்கின் ஜெர்மன் இடத்துக்குத் தகுதியற்றவர், நெதர்லாந்து இடத்துக்குத் தகுதியானவர். இந்தியாவிலிருந்து நேராக விண்ணப்பிப்பவருக்கு இந்த விதி தடையே இல்லை.

தகுதிக்கு வருவோம். நான்காண்டு பி.இ. மட்டும் இருந்தால் ஜெர்மனியில் நேரடி பி.எச்டி. பெரும்பாலும் நடக்காது, மாஸ்டர்ஸ் வேண்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் தரவுத்தளமான 'அனாபின்'இல் 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். படித்த கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டுப் பயப்பட வேண்டாம், பட்டச் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். மதிப்பெண்ணை மாற்றும் பவேரிய சூத்திரம் எளிது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8.5 வாங்கியவருக்கு, தேர்ச்சி 5 என்றால், 1.9 வரும். அங்கே 1 தான் சிறந்தது.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் கோட்டைவிடுவது சி.வி.யில். அப்பா பெயர், மதம், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று உறுதியளிக்கிறேன்" என்ற பாரா, இவை எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். "எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் பகுப்பாய்வு) தெரியும்" என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எந்தக் கருவி, மாதிரியை நீங்களே தயாரித்தீர்களா, பகுப்பாய்வை எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று எழுதுங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஜர்னலில் பேப்பர் இருந்தால் விட்டுவிடுங்கள், அது உங்களைக் கீழே இழுக்கும். கடிதம் ஒரு பக்கம். விளம்பரத்தின் குறிப்பெண்ணை மெயில் தலைப்பில் போட்டு, எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் வரிசையில் ஒரே பி.டி.எஃப்.ஆக இணைத்து அனுப்புங்கள்.

பரிந்துரைக்கு எச்.ஓ.டி.யைவிட லேபில் உங்களைப் பார்த்த கைடு மேல். "ஒழுக்கமானவர், தவறாமல் வருபவர்" என்ற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. பழுதான பரிசோதனையை நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அவர் இரண்டு வரி எழுதினால் அதுதான் எடுபடும். அவருடைய ஜிமெயிலைக் கொடுக்காமல் கல்லூரி மெயிலைக் கொடுங்கள், அவரிடம் முன்பே சொல்லியும் வையுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில், உங்கள் தீசிஸ் பற்றிய சிறு விளக்கத்தோடு தொடங்கும். குடைவது பிறகுதான்: இந்தப் பிழை அளவு எப்படி வந்தது, ஒப்பீட்டுச் சோதனை ஏன் இல்லை, இதில் நீங்கள் செய்த பங்கு எது? பணிவுக்காக எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லாதீர்கள். செய்ததை "நான்" என்றும், செய்யாததை "அதை லேபில் இன்னொருவர் செய்தார்" என்றும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் இடம் போகாது.

இடம் கிடைத்தால், கையெழுத்திடுமுன் முதல் ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்புக்கான பணம் ஏற்கெனவே இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு "பிறகு பார்க்கலாம்" என்பவர்கள் உண்டு. போதிய சம்பளமுள்ள ஒப்பந்தம் கையில் இருந்தால், படிக்கப் போகும் மாணவர்கள் போல மாதம் 992 யூரோ கணக்கில் முடக்கக் கணக்கு (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டியதில்லை, சம்பளமே வருமானச் சான்று. விசா அப்பாயின்ட்மென்டுக்கு நாளாகும் என்பதால், சேரும் தேதியைப் பேசும்போதே அதற்கான அவகாசத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.