கடைசி வயல்வரை: கிளிநொச்சி அலுவலக நாட்குறிப்பு

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒருங்கிணைப்புச் சோதனை. கடந்த ஆறு வாரங்களில் மூன்று அணிகளும் தத்தம் வேலையை 'முடிந்தது' என்ற பக்கத்துக்கு நகர்த்தியிருந்தோம். கிளிநொச்சியில் நாங்கள் எட்டுப் பேர் திரைகளைச் செய்கிறோம். நடுவிலுள்ள சேவையைக் கொழும்பு அணி செய்கிறது. மெயின்பிரேமை, அதாவது எல்லாக் காப்புறுதிப் பதிவுகளும் இருக்கிற பழைய பெருங்கணினியை, பார்க்கிற அணி வாடிக்கையாளரின் நாட்டிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு பெரிய காப்புறுதி நிறுவனம். இந்த மூன்றோடு சேர்த்துத் திட்டத்தில் மொத்தம் ஒன்பது அணிகள், தொண்ணூறு பேர்.

முதல் காப்புறுதி இலக்கத்தை அடித்தேன்: 0047210583. அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. வேறொன்றை அடித்தேன், அதுவும் இல்லை.

பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் பிடிபட்டது. நாங்கள் இலக்கத்தை எழுத்துத் தொடராக அனுப்புகிறோம். கொழும்பில் அதை எண்ணாக எடுத்திருக்கிறார்கள். எண் என்றால் முன்னாலிருக்கிற இரண்டு சைபரும் உதிர்ந்துவிடும். மெயின்பிரேமில் ஓடும், கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலுக்குப் பத்து இடமும் நிரம்பி வரவேண்டும். எட்டு இலக்கமும் இரண்டு வெற்றிடமும் வந்தால் அதற்கு ஆளைத் தெரியாது. ஆனால் மூன்று அணிகளின் சோதனைகளும் பச்சையாகவே, சித்தியென்றே, இருந்தன, ஒவ்வொருவரும் தாங்களே செய்துகொண்ட மாதிரித் தரவை வைத்துச் சோதித்தபடியால்.

ஆறு வாரம் போய்விட்டது. இரவு நித்திரை வரவில்லை.

மார்ச் 19, புதன்

கொழும்பு அணியின் அண்ணை காலையிலேயே அழைப்பு எடுத்தார். "தங்கச்சி, உங்களிலையும் பிழை இல்லை, எங்களிலையும் பிழை இல்லை" என்றார். உண்மைதான், அதுதான் என்னை உறுத்துகிறது. பிழை எங்களுக்கு நடுவில் இருந்தது. நடுவுக்கு யாரும் பொறுப்பில்லை.

நாங்கள் வேலை செய்யும் ஸ்க்ரம், மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்துகொண்டு போகிற அஜைல் வழிகளில் ஒன்று, ஓர் அணிக்காகப் பிறந்த முறை. ஷ்வேபரும் சதர்லாண்டும் 1995இல் அதை முன்வைத்தபோது மனதில் இருந்தது சின்ன அணிதான். இன்றைய வழிகாட்டியும் ஓர் அணியில் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. 2001இல் யூட்டாவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையைப் படித்தாலும், வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிற ஒரு சிறு கூட்டம்தான் கண்ணில் தெரிகிறது. எட்டுப் பேருக்குள் பேச்சுவார்த்தைக்கு 28 இணைகள்தான். காலைப் பதினைந்து நிமிடக் கூட்டம் அதற்குப் போதும். தொண்ணூறு பேருக்கு 4,005 இணைகள். மென்பொருள் திட்டங்களைப் பற்றி எழுதிய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார். நாங்கள் காலைக் கூட்டத்தை ஒன்பது மடங்காக்கிவிட்டு, பெரிய திட்டத்துக்கும் அஜைல் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறோம்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டில் நின்றேன். அப்பா சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். நீர்ப்பாசனம், கமநல சேவை, கமக்கார அமைப்புகள் எல்லாரும் ஒரே மண்டபத்தில். எத்தனை ஏக்கர் செய்வது, கடைசி விதைப்பு எந்தத் திகதி, எத்தனை மாத நெல், துருசு (குளத்து மதகு) எப்போது திறப்பது, மாடுகளை எப்போதிருந்து கட்டிவைப்பது எல்லாம் அங்கேயே முடிவாகும். இந்த முறை எங்களுக்குக் கிடைத்த பங்கு குறைவு. கவலையாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"குளத்திலை கிடக்கிற தண்ணியைப் பாத்துத்தானே பிள்ளை விதைக்கிறது. எல்லாருக்கும் எண்டு விதைச்சுப்போட்டுக் கதிர் வாற நேரம் காய விடேலுமோ?"

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. துருசு திறக்க முன்னம் ஒவ்வொருவரும் தங்கள் பங்கு வாய்க்காலைத் துப்பரவாக்கிக் கொடுக்கவேண்டும். நடுவில் ஒருவர் விட்டுவிட்டாலும் தண்ணி எங்களிடம் வராது. மேல்வயல்காரருக்கு அது தெரியவும் தெரியாது, அவருக்குத் தண்ணி வந்துவிட்டதே.

கொப்பியை எடுத்து ஒன்பது அணிகளையும் ஒரு வாய்க்காலாகக் கீறினேன். கடைசி வயல் என்று எங்கே போடுவது? காப்புறுதி எடுத்தவரின் வீட்டுக்கு வந்துசேரும் கடிதம். அதுவரைக்கும் போகாத எதையும் 'முடிந்தது' என்று சொல்லக்கூடாது.

மார்ச் 26, புதன்

மத்தியானம் கரண்ட் இல்லை. மேலாளருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு நாள் திட்டமிடல் இன்று முடிந்தது. ஒன்பது அணிகளும் காணொளியில், பத்து வாரத்துக்கான வேலை. பல அணிகள் சேர்ந்து அஜைலில் வேலை செய்ய டீன் லெஃபிங்வெல் 2011இல் கொண்டுவந்த 'சேஃப்' முறையில் இது பெரிய நிகழ்வு. அந்த முறையின் பதவிகளும் அடுக்குகளும் எனக்குப் பாரமாகவே படுகின்றன. லார்மனும் வொடேயும் சொல்லும் 'லெஸ்' முறைதான் எனக்குப் பிடித்தது: எட்டு அணிகள் வரைக்கும் ஒரே பேக்லொக் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்), அதற்கு ஒரே உரிமையாளர். ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருகிற இந்த இரண்டு நாளை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எங்கள் சுவரில் காகிதங்களை ஒட்டி, ஓர் அணி இன்னோர் அணிக்காகக் காத்திருக்கிற இடமெல்லாம் சிவப்பு நூல் கட்டினோம். முதல்நாள் மாலை எண்ணினால் 31 நூல். அதில் 19 மெயின்பிரேம் அணியில் போய் முடிந்தன. அந்த அணியில் ஆறு பேர். அவர்களுடைய வேலை வருடத்தில் நான்கு முறைதான் வெளியே போகும். மற்ற எட்டு அணிகளின் வேகத்தைப் பற்றி இவ்வளவு நாள் பேசியதில் ஒரு பயனும் இல்லை என்று அந்தச் சுவரைப் பார்த்தபோது விளங்கியது. குளத்தின் அளவு அந்த ஆறு பேர்தான்.

வாடிக்கையாளர் பக்கத்தில் 14 அம்சங்கள் கேட்டார்கள். நான் அப்பாவின் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பயந்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஐந்து என்று முடிவானது. முதலாவது, முகவரி மாற்றம்: திரையில் அடித்தால் சேவை வழியாக மெயின்பிரேமுக்குப் போய், உறுதிக் கடிதம் அச்சாகவேண்டும். சின்ன வேலைதான், ஆனால் திரை, சேவை, மெயின்பிரேம், அச்சு என்று நான்கு அணிகளையும் ஊடறுத்துப் போகும்.

ஏப்ரல் 9, புதன்

அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐயின் கதையைத் திரும்பப் படித்தேன். வழக்குக் கோப்புகளுக்காக அவர்கள் கட்டிய முதல் அமைப்பை 2005இல் கைவிட்டார்கள், ஏறத்தாழ 17 கோடி டொலர் போய்விட்டது. அடுத்து வந்த 'சென்டினல்' 2006இல் ஒப்பந்தத்தில் தொடங்கி அதுவும் இழுபட்டது. 2010இல் திட்டத்தைத் தாங்களே கையில் எடுத்து, ஆட்களைக் குறைத்து, ஸ்க்ரம் முறையில் ஸ்ப்ரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளாகச் செய்தார்கள். 2012 ஜூலையில் பாவனைக்கு வந்தது. ஆட்களைக் குறைத்த பிறகு முடிந்தது என்பதைத்தான் நான் நாளைக்குக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வட்டாப்பளை அம்மனிடம் போய் வந்தோம். மடிகணினியைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மாற்றங்களை அனுமதிக்கும் குழுவுடன் இரண்டு மணித்தியாலம். காப்புறுதி என்றால் கணக்காய்வு இருக்கும், யார் எதை எப்போது மாற்றினார் என்பதற்குச் சாட்சி வேண்டும். அஜைல்காரர் பலர் இதைத் தடையாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. கேட்கிறவருக்கு நியாயம் இருக்கிறது. மக்களின் பணம்தானே. அஜைல் அறிக்கையும் ஆவணங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓடுகிற மென்பொருளுக்குக் கூடுதல் மதிப்பு என்றுதான் சொல்கிறது.

நாங்கள் கேட்டது இதுதான்: நாற்பது பக்கப் படிவத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு இரவும் ஓடுகிற தானியங்கிச் சோதனைகளின் பதிவையே சாட்சியாக எடுங்கள். புதிய பகுதி வெளியே போனாலும் அதை இயக்கும் ஆளி (சுவிட்ச்) மூடியே இருக்கும், நீங்கள் சொன்ன பிறகுதான் திறப்போம். குழுவிலிருந்த அம்மா ஒருவர் பதிவை வரிவரியாகப் படித்துவிட்டு, யார் அனுமதித்தார் என்ற பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னார். அரை நாள் வேலை, சேர்த்தோம். முகவரி மாற்றத்துக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது.

நான்கு அணிகளுக்கும் பொதுவான மாதிரித் தரவுக் கோப்பும் இப்போது ஒன்றே. அதன் முதல் வரி 0047210583.

மே 7, புதன்

எங்கள் அணியில் ஆக இளையவளைத்தான் அடிக்கச் சொன்னேன். அறிவியல்நகரில் பொறியியல் முடித்துவிட்டு வந்து மூன்று மாதம். இலக்கம், பழைய முகவரி, புதிய முகவரி. அழுத்தினாள். பன்னிரண்டு செக்கனில் பதில் வந்தது. பிறகு அந்தப் பக்கத்து மெயின்பிரேம் அணியில் ஒருவர் அச்சுப்பொறியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். காகிதத்தின் மேல் மூலையில் இரண்டு சைபரும் இருந்தன.

"அக்கா, முகவரியிலை இரண்டாவது வரி வெட்டுப்படுது" என்றாள்.

பார்த்தேன், உண்மைதான். பலகையில் அட்டையை 'முடிந்தது' பக்கத்துக்கு நகர்த்தவில்லை. அச்சு அணியின் தம்பி இன்னும் இணைப்பிலேயே இருந்தார். அந்த வரிக்கு எத்தனை எழுத்து இடம் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.