மேலிருந்து வரும் கை

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு சின்ன கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், 11 வருஷமாக. வருவதெல்லாம் பெரும்பாலும் நாயும் பூனையும்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மட்டும் அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பிக்கும், உள்ளே ரோஸும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள். தெருவில் பார்த்துப் பிள்ளை அழுததென்று வாங்கியிருப்பார்கள். பாதிக்கு மேல் முட்டைக்கோழி ரகத்துச் சேவல் குஞ்சுகள், முட்டை போடாது என்பதால் பண்ணைக்கு வேண்டாதவை. கொண்டுவருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கிட்டப் போனாலே ஓடுதே, எப்படிப் பழக்கறது?

போன டிசம்பரில் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓர் அம்மாவும் எட்டு வயசு மகளும் நான்கு குஞ்சுகளோடு வந்தார்கள். "அண்ணா, கைய விட்டா மூலைக்கு ஓடி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்குது, ராத்திரி முழுக்க கத்துது, பாப்பா தூங்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. பாப்பா எதுவும் பேசவில்லை. தன்னை அதுகளுக்குப் பிடிக்கவில்லை என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

நான் முதலில் கேட்டது பல்பைப் பற்றி. பெட்டிக்கு மேல் விளக்குத் தொங்கவிட்டிருக்கிறோம் என்றார்கள், விசாரித்தால் எல்.இ.டி. பல்பு! வெளிச்சம் வரும், சூடு வராது. பெங்களூரு டிசம்பர் ராத்திரி, மொசைக் தரை, தாய்க்கோழி இல்லை, அப்புறம் கத்தாமல் என்ன செய்யும்? முதல் வாரக் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. பழைய 60 வாட் குண்டு பல்பு தேடி வாங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிடச் சொன்னேன். என் அனுபவத்தில் பயம் என்று கொண்டுவரப்படுவதில் பாதி குளிர்தான்.

மீதிப் பாதி நம் கை. ரசல் மார்க்கெட் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள், கறிக்கடைகளுக்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். குஞ்சுக்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்துதான், அதில் நம் அன்பான கையும் சேர்த்தி.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எந்நேரமும் கையிலேயே வைத்திருங்கள், பழகிவிடும்" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புவேன். ஒரு பையன் அப்படியே செய்தான். நான்கு நாள் கழித்து வந்து, "இப்ப அசையவே மாட்டேங்குது அங்கிள், நல்லா பழகிடுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். குஞ்சு கல் மாதிரிக் கிடந்தது. டாக்டர் அதை வாங்கி மேசையில் விட்டு, கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார், சட்டென்று எழுந்து ஓடியது. தப்பிக்க வழியே இல்லை என்று ஆகும்போது கோழி இனம் அப்படி விறைத்துப் போகும், அது பழக்கம் இல்லை, பயத்தின் உச்சம் என்றார். அந்தக் குஞ்சு தீனி எடுக்காமல் மெலிந்திருந்தது. நான் சொன்னதைத்தானே அந்தப் பையன் செய்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். 1873-லேயே டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், பொரித்த உடனே குஞ்சுகளின் கண்ணைச் சின்னத் துணிக் குல்லாயால் மூடி வைத்துப் பார்த்திருக்கிறார். சீக்கிரமே குல்லாயைக் கழற்றிய குஞ்சுகள் அவர் பின்னாலேயே ஓடி வந்தன, நான்காம் நாள் நெருங்கும்போது கழற்றியவை அவரைப் பார்த்ததும் அலறி ஓடின. கண் திறந்ததும் பார்ப்பதைத் தாயாக எடுத்துக்கொள்கிற நேரம் அவ்வளவு சின்னது. தெருவில் வாங்கும் குஞ்சுக்கு அது பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். அதனால் அதுகளுக்கு நாம் அம்மா ஆக முடியாது, பயப்படத் தேவையில்லாத ஒரு ஆள் ஆகலாம், அதற்கும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

பாப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? எங்கள் பாட்டி வீட்டுத் தாய்க்கோழியைத்தான் சொன்னேன். அது குஞ்சுகளைத் துரத்திப் பிடிக்காது கண்ணு, தரையில் மூக்கால் டொக் டொக்கென்று தட்டிக் கொக்கொக் என்று கூப்பிடும், அதுகளே ஓடி வரும். நீயும் பெட்டியைப் பக்கவாட்டில் திறந்து வைத்து, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை மல்லாக்க வைத்து அதில் கொஞ்சம் நொய் போடு. இன்னொரு கை நகத்தால் பேப்பரில் தட்டு. எப்போதும் ஒரே மாதிரி "பா பா பா" என்று கூப்பிடு. வந்தாலும் பிடிக்காதே. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், முத்தம் கொடுக்கக் கூடாது. கடைசி விஷயத்துக்கு மட்டும் அவள் முகம் சுருங்கியது.

அடுத்த ஞாயிறு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்துக்கு வரச் சொல்லியிருந்தோம். குப்பியைக் கலக்கினால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்பதால் கோழி வைத்திருக்கிறவர்களை எல்லாம் ஒரே நாளில்தான் கூப்பிடுவோம், ஒரே சத்தமாக இருக்கும். நான் வழக்கம்போல் பெட்டிக்குள் கையை விடப் போனேன். "இருங்க அங்கிள்" என்று பாப்பா தடுத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளங்கையை நீட்டி நகத்தால் தட்டினாள். முதல் குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது, ஒரு கால் வைத்தது, அப்புறம் ஏறியே விட்டது. அவள் மெல்லத் தூக்கிப் பிடிக்க, நான் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். கோழிக்குக் கீழ் இமைதான் மேலே வந்து மூடும், அது மெதுவாக ஏறி இறங்குவதை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று குஞ்சுகள் அப்படி வந்தன. நான்காவது, சாயம் பாதி வெளுத்த பச்சைக் குஞ்சு, வரவில்லை. பின்னால் வரிசை நின்றது, அவள் அம்மா "அதப் புடிச்சுக் குடு பாப்பா, நேரமாகுது" என்றார். அவள் கையை எடுக்கவில்லை. நான் மருந்துக் குப்பியைப் பனிக்கட்டி டப்பாவில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.