டெல்ஃபாஸ் மடிப்பு: மூன்றாவது துண்டு

டெல்ஃபாஸ் என்ற பழைய கவுனின் மடிப்பை வீட்டிலேயே பட்டுத் துண்டுகளில் செய்து பார்க்கிறேன். நேற்றுக் காலை மூன்றாவது துண்டைப் பிரித்தேன். இந்த முறை மடிப்பு நின்றிருக்கிறது.

டெல்ஃபாஸ், 1907 வாக்கில் வெனிஸில் ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சுனியின் பட்டறையில் உருவான கவுன். தோளிலிருந்து தரைவரை சன்னச் சன்ன மடிப்புகளாக விழும் பட்டு. உள்ளே இடுப்பை இறுக்கும் கார்செட் கிடையாது. 1896இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் தோண்டி எடுத்த வெண்கலத் தேரோட்டி சிலைதான் பெயருக்குக் காரணம். அந்தச் சிலையின் அங்கியைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இடைக்கச்சைக்குக் கீழே மடிப்புகள் தூண்போல நேராக இறங்குகின்றன. ஆனால் ஒன்றின் அகலம் இன்னொன்றுக்கு இல்லை. இதை முதலிலேயே கவனித்திருந்தால் இரண்டு துண்டுப் பட்டு மிஞ்சியிருக்கும்.

முதல் துண்டில் அளவுகோல் வைத்து ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு மடிப்பாக இஸ்திரி போட்டேன். பள்ளிச் சீருடைப் பாவாடைபோல இருந்தது. தண்ணீர் பட்டதும் அதுவும் போய்விட்டது. இரண்டாவதற்குக் கஞ்சி போட்டேன். மடிப்பு நின்றது, பட்டு செத்துவிட்டது. கையில் எடுத்தால் காகிதம்போல மொடமொடத்தது. இந்த உடையின் உயிரே அது உடலோடு வழிந்து இறங்குவதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மடிப்பு மட்டும் எதற்கு?

மூன்றாவது துண்டுக்கு ஊசி நூல். 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம். குறுக்குவாட்டில் மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல். புள்ளி வைக்கவில்லை, கண்ணளவுதான். நான்கு மாலைகள் பிடித்தன. பிறகு எல்லா நூல் முனைகளையும் சேர்த்து இழுத்தேன். துணி உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியது. நனைத்து, இரு முனையையும் பிடித்து முறுக்கி, கயிற்றால் இறுகக் கட்டி, நிழலில் மூன்று நாள் உலரவிட்டேன்.

நூலை உருவியபோது மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் ஓடின, காற்றடித்த மணல்போல. விரலால் அகட்டிவிட்டால் மெல்லத் திரும்பிச் சேர்கின்றன. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது ஒரே நிறப் பட்டில் நாலைந்து நிறம் தெரிந்தது. நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெனிஸில் இதைச் சரியாக எப்படிச் செய்தார்கள் என்பது பட்டறைக்கு வெளியே வரவில்லை. 1909இல் மடிப்புத் துணிக்கு எடுத்த காப்புரிமை ஃபார்ச்சுனியின் பேரில் இருக்கிறது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் ஹென்ரியட் என்று ஃபார்ச்சுனியே அதன் ஓரத்தில் கைப்பட எழுதிவைத்தார். ஹென்ரியட் ஃபார்ச்சுனியின் வாழ்க்கைத் துணை. பத்து வரிசை தைத்த பிறகு அந்தக் குறிப்பு எனக்கு வேறு கனத்தோடு தெரிகிறது. டெல்ஃபாஸைப் பற்றிப் பேசும்போது ஹென்ரியட்டின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

அசல் உடைகளின் பக்கத் தையலில் வெனிஸை அடுத்த முரானோ தீவின் கண்ணாடி மணிகளைக் கோத்திருப்பார்கள். அழகோடு, லேசான பட்டுத் துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் பாரமும் அதுதான். நானும் ஓரத்தில் ஆறு மணி கோத்துப் பார்த்தேன். துணி உடனே நேராக விழுந்தது.

அந்த உடைகளை நூற்கண்டுபோல முறுக்கிச் சிறு வட்டப் பெட்டியில் வைப்பது வழக்கம். என் துண்டும் இப்போது அப்படித்தான் ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறப்பேன். மடிப்பு கலையாமல் இருந்தால் முழு நீளப் பட்டுத் துணியை வெட்டுவேன்.