புல்வெட்டியை எந்தப் பக்கம் சாய்ப்பது?

சிங்கப்பூர் செராங்கூன் கார்டனில் மாமா வீட்டுப் பெட்ரோல் புல்வெட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குளிர்காலமே இல்லாத ஊர், புல் வருடம் முழுக்க வளரும். அதனால் ‘சீசனுக்கு ஒருமுறை’ கணக்கெல்லாம் இங்கே உதவாது, 50 மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்றிவிடுகிறேன். போன மாதம் அடியில் அப்பியிருந்த ஈரப்புல்லைச் சுரண்ட அவசரத்தில் தப்பான பக்கம் சாய்த்துவிட்டேன், ஆயில் போய் ஏர் ஃபில்டரை நனைத்து, ஸ்டார்ட் செய்ததும் ஒரே வெள்ளைப் புகை, கொசுமருந்து அடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னலைச் சாத்திவிட்டார்! ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கும் முன்னால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டலாம். என்னுடையது காகித ஃபில்டர், நனைந்தால் புதுசுதான்.