சாஸ்தா காட்டுக் காந்தள்

ஜூன் 14, புளியரை
குற்றாலச் சாரல் செய்தி வருவதற்குள் இங்கே கணவாய்க் காற்று வந்துவிட்டது. சாஸ்தா கோயில் காட்டில் செங்காந்தள் முளைவிட்டிருக்கிறது. எண்ணினேன்: 11. நான் சிறுவனாக இருந்தபோது வேலி நெடுகப் படர்ந்த கொடி. அன்று யாரும் எண்ணியதில்லை.

ஜூன் 29
இரண்டு குழிகள். மண் இன்னும் ஈரம். முளை தலைகாட்டினால்தானே கிழங்கு இருக்கும் இடம் தெரியும்! ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். விதையிலுள்ள கொல்கிசின் மூட்டுவீக்க மருந்துக்குப் போகிறது. காட்டுக் கிழங்கும் நடவுக்கு விலைபோகும்.

திருடனைத் திட்டவும் வாய் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன், காப்பாற்றுகிறேன் என்று நானே ஒன்றைத் தோண்டி வந்தேன். கலப்பைபோல் வளைந்த கிழங்கு. முளை நுனியில்தான் இருக்கிறது. கைதவறி நுனி ஒடிந்தது. தொட்டியிலேயே அழுகிப் போயிற்று.

ஜூலை 20
முதல் பூ. பச்சை மொட்டு மஞ்சளாகி, மேல்பாதி சிவந்து, கடைசியில் முழுக்கத் தீயாகிறது. சூல்தண்டு மட்டும் அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. அதனால்தான் தோட்டக்காரர்கள் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். நானும் பேத்தியின் வர்ணத் தூரிகையால் நான்கு பூக்களுக்கு வைத்தேன்.

மலைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவிலிருந்து வந்த பெரியவர் பார்த்துவிட்டு, "மேந்தோன்னி" என்றார். 'தோன்றி' என்ற நம் பழைய பெயரை நாம் மறந்துவிட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் புழங்குகிறது.

ஆகஸ்ட் 9
கோயில் கமிட்டி புதர் வெட்ட ஆள் பிடித்திருந்தது.

"பாம்பு அடைகிறது, அண்ணாச்சி."

"காய் வெடித்ததும் கொடி தானே காய்ந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வெட்டுங்கள். அரிவாள் போதும், மண்வெட்டி வேண்டாம்."

அரை மனதோடு வடக்கு மூலையை விட்டுவைத்தார்கள். அங்கே ஆறு கொடிகள். மற்ற மூன்றும் மாலைக்குள் குப்பையோடு கிடந்தன. நல்லவேளை, கிழங்கைத் தொடவில்லை. நட்ட நடுக் காட்டுக்குத் துப்புரவு எதற்கு என்று கேட்டால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

நவம்பர் 2
தூரிகை தொட்ட நான்கில் மூன்று காய்த்து வெடித்திருக்கின்றன. உள்ளே செம்மஞ்சள் விதைகள். முளைத்தாலும் பூப்பதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். அந்த இரண்டு குழிகளிலேயே விதைத்து, கோழி கிளறாமல் மேலே முள் வெட்டிப் போட்டேன்.

கிழங்கும் விதையும் கொடிய விஷம். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மனைவி இலை போட்டாள்.