ஓரியூரில் தீர்ந்த நேர்த்திக்கடன்

மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் மளமளவென்று இறங்கிய ராத்திரி, மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே அம்மா நேர்ந்துகொண்டாள். "அருளானந்தரே, எம்பேரனை எழுப்பிக் குடுத்துருங்க. ஓரியூருக்குக் கூட்டியாந்து முடி எறக்குறோம்." ராமநாதபுரம் பக்கம் இருக்கும் ஓரியூர், புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக வெட்டுண்டு இறந்த ஊர். நான்காம் நாள் காலையில் பிள்ளை வாயைத் திறந்து இட்லி கேட்டான்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் நாங்கள் போகவில்லை. திருப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் வீட்டில் ஒரு சாவு. பள்ளிக்கூடத்துக்காக முடி வெட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பின்னந்தலையில் ஒரு கொத்தை மட்டும் கத்திரி படாமல் அம்மா காத்து வந்தாள். தை பிறந்தாலே "இந்த வருஷமாவது போவமாப்பா?" என்பாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. பேரனைக் குளிப்பாட்டும்போது அந்தக் கொத்தைத் தனியாகக் கசக்கி, துவட்டி, முத்தம் கொடுத்ததைப் பார்த்தேன். அன்றைக்கே லீவு சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3 மதியம் தேவகோட்டையில் பஸ் ஏறினோம். மறுநாள் திருவிழா, கால் வைக்க இடமில்லை. முட்டிவலிக்கார அம்மா திருவாடானை தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தாள். ஓரியூர் நெருங்குகையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வெயிலில் காய்ந்த தார் ரோடு. சொன்னால் கேட்கவில்லை. "அவரு இதே வெயில்லதானே நடந்தாரு?" என்றாள். சரி, நானும் கழற்றினேன்.

வழியெல்லாம் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இந்த மெழுகுவர்த்தியைத்தான் வாங்க வேண்டும், அந்தப் படம்தான் ராசி என்கிறார்கள். ஒருவர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி முப்பது ரூபாய் என்றார். அருளானந்தர் ரத்தம் விழுந்து சிவந்ததாக நாம் நெற்றியில் வைக்கும் மண், அதையா விலைக்கு விற்பது? எனக்கு மனசே ஆறவில்லை. அம்மா அந்த ஆளைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள்.

ராத்திரி மரத்தடியில் போர்வை விரித்துப் படுத்தோம். எங்களைப் போல நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் திருநீறு பூசிய குடும்பம், பாட்டன் காலத்திலிருந்து வருகிறார்களாம். பனி இறங்கியது. தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. 1693-ல் இதே பிப்ரவரி 3-ந் தேதி ராத்திரி, இதே ஊரில், அருளானந்தர் காவலில் இருந்தார். விடிந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுத மை இல்லாமல் கரியைத் தண்ணீரில் கரைத்துத் சேசு சபையில் தமக்கு மேலிருந்தவருக்குக் கடிதம் எழுதினார் என்பார்கள். நாற்பத்தைந்து வயது முடிந்து நாற்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. எனக்கு இப்போது அதே வயசு.

லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை அவர். இங்கே வந்து காவி கட்டி, காதில் வளையம் போட்டு, புலால் தொடாமல், பண்டாரசாமி என்னும் துறவியாக மறவ நாடான ராமநாதபுரச் சீமையில் கால்நடையாக அலைந்தார். ஜான் டி பிரிட்டோ என்ற பெயர் போய் அருளானந்தர் ஆனார். அதெல்லாம் சின்ன வயசிலேயே மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். அன்றைக்கு ராத்திரி என்னைப் போட்டு உலுக்கியது வேறு. 1686-ல் மங்கலத்தில் பிடித்து அவரைச் சித்திரவதை செய்தார்கள். மறவ நாட்டு அரசர் சேதுபதி உயிரோடு விட்டார், ஆனால் இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளை. அடுத்த வருஷம் சபை வேலையாகப் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அரசரே, என் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார். இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1690-ல் திரும்பி வந்துவிட்டார். எங்கே அடித்தார்களோ அதே சனங்களிடம். நான் மூன்று வருஷமாக ஒரு பஸ் ஏறச் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தவன். போர்வையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். அம்மா விழித்துத்தான் இருந்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை, தலையில் கைவைத்தாள்.

காலைப் பூசையில் சாமியார் மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவரைப் பற்றிச் சொன்னார். நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டவரிடம், ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று அருளானந்தர் கண்டிப்பாகச் சொன்னதும், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரி என்பதால் அருளானந்தர் உயிருக்கே வினை வந்ததும் நமக்குத் தெரிந்ததுதான். பிறகு, அருளானந்தர் சிறுவனாக இருந்தபோது சாகக் கிடந்ததைச் சொன்னார். அவருடைய அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாராம். பிழைத்ததும் நேர்ந்தபடி ஒரு வருஷம் சேசு சபை அங்கி போட்டுக்கொண்டுதான் அரண்மனையில் திரிந்தாராம்.

மகன் என் சட்டையை இழுத்தான். "அப்பா, இவருக்கும் என்னை மாதிரியேவா?"

"ஆமாம்டா."

"அவங்க உடனே செஞ்சுட்டாங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முடியிறக்கும் இடத்தில் தள்ளுமுள்ளு. பேசிய காசுக்கு மேல் கேட்டார்கள், கொடுத்தேன், அன்றைக்கு வாதாட மனசில்லை. முதலில் அந்தக் கொத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள் அம்மா. ஒரு முழ நீளம் இருக்கும், நுனி செம்பட்டையாகிப் போயிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, மீதி முடி முழுவதும் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை எழுந்து வந்தான்.

பிறகு அவர் வெட்டுண்ட இடத்துக்குப் போனோம். பின்னால் நெட்டுகிறார்கள், நகருங்கள் நகருங்கள் என்று சத்தம். அம்மா அப்படியே மண்டியிட்டுவிட்டாள். அந்த முட்டியோடு! சத்தமாக வேண்டவில்லை. மண்ணைக் கிள்ளிப் பேரன் மொட்டைத் தலையில் வைத்தாள், என் நெற்றியில் வைத்தாள், தன் முட்டி இரண்டிலும் தேய்த்தாள். இன்னொரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். பின்னால் நின்றவர்கள் நெட்டுவதை நிறுத்திவிட்டு அவள் எழும்வரை காத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எனக்கு அங்கே கேட்க ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டு லோன், வேலை, எவ்வளவோ எழுதி வைத்தாற்போல் மனசில் இருந்தது. மன்னிச்சுக்கங்க, லேட்டாயிருச்சு. அது மட்டும்தான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா முந்தானையை அவிழ்த்தாள். பாதியை மாதா படத்தடியில் சின்ன டப்பாவில் வைத்தாள். மீதியைத் தாளில் மடித்து எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தாள். அவர்கள் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.

அருளானந்தரே, பிள்ளையை முதலிலேயே தந்துவிட்டு மூன்று வருஷம் எங்களுக்காகக் காத்திருந்தீர். உமக்கு நன்றி சாமி. எதிர்வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும்.